பேச்சு வரலையா? முதல்ல விரலைப் பாருங்க

போன இதழ்ல "குழந்தை வளர்ச்சி பத்தி டாக்டர் கிட்ட கேளுங்க"ன்னு ஒரு பெட்டிச் செய்தி போட்டாலும் போட்டாங்க, மெயில், வாட்ஸ்அப், போஸ்ட்கார்டுன்னு வந்து குவிஞ்சிருச்சு. (ஆமா, போஸ்ட்கார்டு இன்னும் எழுதறாங்க, கையெழுத்தும் முத்து முத்தா இருக்கு.) பாதிக்கு மேல ஒரே கேள்விதான், பேச்சு வரல. மீதியில பாதி, பக்கத்து வீட்டுக் குழந்தை நடக்குது எங்க வீட்டுக் குழந்தை நடக்கல. எல்லாத்துக்கும் பதில் எழுத இடம் இல்ல, ஒரே மாதிரி இருந்ததை ஒண்ணா சேர்த்துட்டேன். பேர் யாரோடதும் போடல.

என் பையனுக்கு 22 மாசம். அழும்போது "ம்மா"ன்னு வருது, வேற ஒரு வார்த்தை இல்ல. பேர் சொல்லி கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறான், ஆனா டிவில விளம்பரம் போட்டா எந்த ரூம்ல இருந்தாலும் ஓடி வந்துடறான், அதனால காதுல பிரச்னை இல்ல. மாமியார் "இவங்கப்பனே நாலு வயசுலதான் பேசுனான், சும்மா இரு"ங்கறாங்க. வீட்டுக்காரரும் அதையேதான் சொல்றார். எனக்கு மட்டும்தான் பயமா இருக்கு. நான் ஓவரா யோசிக்கறேனா?
– ஒரு வாசகி, திருப்பூர்

ஓவரா யோசிக்கல தங்கச்சி. சரியாத்தான் யோசிக்கறீங்க, இன்னும் கொஞ்சம் முன்னாடியே யோசிச்சிருக்கலாம்னு கூட சொல்வேன், ஆனா அது உங்க தப்பு இல்ல, சுத்தி நாலு பேர் சும்மா இருன்னா யாரா இருந்தாலும் சும்மாதான் இருப்பாங்க.

முதல்ல அந்த டிவி விஷயம். விளம்பரத்துக்கு ஓடி வர்றான் அதனால காது கேக்குதுன்னு நீங்க எழுதினதை என்கிட்ட வாரத்துல மூணு பேராவது சொல்றாங்க. அது சாட்சி ஆகாதுங்க. காது கேளாமைங்கறது ஸ்விட்ச் மாதிரி ஆன் ஆஃப் இல்ல. தடதடன்னு கனமான சத்தம், மேளம், கதவு, பைக், விளம்பர மியூசிக் எல்லாம் கேக்கும், ஆனா ச, ஸ, ஃப மாதிரி மெல்லிசான சத்தம் கேக்காதுன்னு ஒரு நிலைமை இருக்கு, அந்தக் குழந்தைக்கு நாம பேசறது கிணத்துக்குள்ள இருந்து யாரோ பேசற மாதிரி மங்கலாத்தான் போய்ச் சேரும். பின்னாடி நின்னு தட்டைத் தட்டிப் பார்த்தோம், திரும்பினான்ம்பாங்க. நீங்க தட்டும்போது நிழல் ஆடும், தரை அதிரும், எதிர்ல உக்காந்திருக்கற பாட்டியோட கண்ணு போற திசையைப் பார்த்தே குழந்தை திரும்பிடும். பிள்ளைங்க அவ்வளவு கெட்டி.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்தி சொல்றேன்னா, நானே ஒரு தடவை தப்பு பண்ணியிருக்கேன். வேலைக்கு சேர்ந்த புதுசுல, ரெண்டு வயசுப் பையனைத் தூக்கிட்டு ஒரு அம்மா வந்தாங்க, ஓபில வெளிய வரிசை நிக்குது, பையன் என் மேஜை மேல இருந்த ஸ்டெதஸ்கோப்பைப் பார்த்து நல்லா சிரிச்சான், கண்ணைப் பார்த்தான், நான் கையைத் தட்டினேன், திரும்பினான். "ஆம்பளைப் பையன் கொஞ்சம் லேட்டாத்தான் பேசுவான், ஆறு மாசம் பார்க்கலாம்"னு அனுப்பிட்டேன். அவங்க ஒன்றரை வருஷம் கழிச்சு வந்தாங்க. ரெண்டு காதும் பெரிய அளவுல கேக்கல. அந்த அம்மா என்னைத் திட்டவே இல்ல, அதான் இன்னும் வலிக்குது. அன்னையில இருந்து பேச்சு வரலைன்னு யார் வந்தாலும் முதல் சீட்டு காது டெஸ்ட்டுக்குத்தான், சிரிச்சாலும் சரி திரும்பினாலும் சரி.

டெஸ்ட்டுன்னா பயப்படாதீங்க. ஓ.ஏ.இ.ன்னு ஒண்ணு, காதுல ஒரு சின்ன பஞ்சு மாதிரி முனையை வெச்சு சத்தம் அனுப்புவாங்க, உள்காது திருப்பி அனுப்பற எதிரொலியை மிஷின் அளக்கும், நிமிஷக் கணக்குல முடிஞ்சிரும். இன்னொண்ணு பெரா, நெத்திலயும் காதுக்குப் பின்னாடியும் ஒயர் ஒட்டி, சத்தம் நரம்பு வழியா மூளைக்குப் போகுதான்னு பார்க்கறது, இதுக்குக் குழந்தை தூங்கணும். அதுதான் கூத்து. வீட்ல பொத்துன்னு விழுந்து தூங்கற குழந்தை அங்க போனா ஏசி ரூமைப் பார்த்து கண்ணை உருட்டிட்டு உக்காந்திருக்கும், அம்மா வராண்டாவுல தோள்ல போட்டு தட்டிட்டே இருபது தடவை நடப்பாங்க. அதனால அன்னைக்குக் காலைல சீக்கிரமா எழுப்பி விட்டுருங்க, பஸ்ல வரும்போது தூங்க விடாதீங்க, பால் அங்க வந்து குடுங்க. தேவைப்பட்டா தூங்கறதுக்கு மருந்து அவங்களே பார்த்துக் குடுப்பாங்க. பிறந்தப்பவே காது டெஸ்ட் பண்ணி பாஸ்னு சொன்னாங்களேன்னு விட்டுராதீங்க, பின்னாடி காதுக்குள்ள நீர் கோர்த்தும் கேக்கற சக்தி குறையும், சிலருக்கு மெதுவா பின்னாடி ஆரம்பிக்கறதும் உண்டு.

இப்ப விரலுக்கு வர்றேன். பேச்சு வரலைன்னு வர்றவங்க கிட்ட நான் பேச்சைப் பத்தி அப்புறம்தான் கேப்பேன், "விரல் நீட்டிக் காட்டறானா?"ன்னு முதல்ல கேப்பேன். காட்டறதுல ரெண்டு இருக்கு. பிஸ்கட் டப்பாவைக் காட்டி "ம், ம்"ங்கறது ஒண்ணு, அது கேக்கறதுக்குக் காட்டறது. ரோட்டுல யானை வருது, விரலை நீட்டிட்டு, உடனே உங்க மூஞ்சியத் திரும்பிப் பார்க்கறான், "பார்த்தியா நீ?"ங்கற மாதிரி, அவனுக்கு அந்த யானை வேண்டாம், நீங்க பார்க்கணும் அவ்வளவுதான். இந்த ரெண்டாவதுதான் தங்கம். ஒரு வயசை ஒட்டி முதல் வகை வந்துரும், ஒன்றரை வயசுக்குள்ள ரெண்டாவதும் வரணும். இது ரெண்டும் இருக்கு, சொன்னது புரியுது, "செருப்பு எடுத்துட்டு வா"ன்னா எடுத்துட்டு வர்றான், பை பை காட்டறான், பேச்சு மட்டும் கம்மின்னா அந்தக் குழந்தைக்கு நல்லா வர வாய்ப்பு அதிகம். அதுக்கு மாறா விரலே நீட்டறதில்ல, உங்க கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் ஃப்ரிட்ஜ் கதவு மேல வைக்கறான், உங்க மூஞ்சியப் பார்க்காம உங்க கையை மட்டும் ஒரு சாவி மாதிரி யூஸ் பண்றான், கூப்பிட்டா திரும்பறதில்ல, அப்படின்னா அது வேற கதை, ஆட்டிசம், அதாவது மத்தவங்களோட பழகறதும் பேசறதும் வேற மாதிரி இருக்கற வளர்ச்சிக் குறைபாடு, இருக்கான்னு முறையா பார்த்தே ஆகணும். உங்க லெட்டர்ல விரலைப் பத்தி ஒண்ணும் இல்ல. இன்னைக்குச் சாயங்காலம் கவனிங்க. 16 மாசத்துல இருந்து 30 மாசம் வரைக்கும் எம்-சாட்னு 20 கேள்வி, ஆமா இல்லன்னு பதில் சொல்ற மாதிரி ஒரு தாள் இருக்கு, டாக்டர் கிட்ட கேட்டா கூட உக்காந்து போட்டுப் பார்ப்பாங்க. அது சலிச்சுப் பார்க்கறதுதான், அதுல மார்க் வந்தா நோய்னு அர்த்தம் இல்ல, அதை நெட்ல நீங்களே போட்டுட்டு ராத்திரி முழுக்க அழாதீங்க.

பேச்சுக்குன்னு கணக்கு கேட்டா இதை மனசுல வெச்சுக்கங்க: ஒரு வயசாகியும் ப்ப ப்ப, த்த த்தன்னு மழலை இல்ல, கை ஜாடை இல்லன்னா காட்டணும். 16 மாசம் ஆகியும் ஒரு வார்த்தை கூட இல்லன்னா காட்டணும். ரெண்டு வயசுல "பால் தா", "அப்பா வா", "காக்கா போச்சு"ன்னு ரெண்டு வார்த்தையை அவனாவே கோர்க்கலைன்னா காட்டணும், நீங்க சொல்லிக் குடுத்ததை கிளி மாதிரி திருப்பிச் சொல்றது இதுல சேராது. உங்க பையன் இந்த ரெண்டாவது கணக்குலயே வந்துட்டான், அதனால ரெண்டு வயசு முடியட்டும்னு காத்திருக்க வேண்டாம்.

மாமியார் சொல்றது பொய் இல்ல. லேட்டா பேசற பிள்ளைங்க குடும்பத்துல ஓடறது உண்டு, நிறைய பேர் பின்னாடி பிடிச்சுடறாங்க, உங்க வீட்டுக்காரர் மாதிரி. ஆனா 22 மாசத்துல ஒரு குழந்தையைப் பார்த்து இது பிடிச்சுடற குழந்தை, இது பிடிக்காத குழந்தைன்னு சொல்ற ஜோசியம் எங்க யார்கிட்டயும் இல்ல. அதனால சண்டை போடாம, "அத்தை, காது மட்டும் ஒரு தடவை பார்த்துட்டு வந்துடலாம்"னு சொல்லிக் கூட்டிட்டே போங்க, பாட்டியும் கூட வந்தா இன்னும் நல்லது, நாள் முழுக்க குழந்தையோட இருக்கறது அவங்கதானே.

காசைப் பத்தி நீங்க கேக்கல, ஆனா நிறைய பேர் அதனாலதான் தள்ளிப் போடறாங்க. 2013ல இருந்து ஆர்.பி.எஸ்.கே.ன்னு மத்திய அரசுத் திட்டம் ஓடுது, பிறந்த குழந்தையில இருந்து 18 வயசு வரைக்கும், பிறவிக் குறை, நோய், சத்துக்குறைவு, வளர்ச்சித் தாமதம் எல்லாம் பார்க்கறது, அங்கன்வாடிக்கு வருஷத்துல ரெண்டு தடவை வேன்ல டாக்டர் டீம் வரும். அதோட சேர்ந்து மாவட்டத்துக்கு ஒண்ணுன்னு டி.இ.ஐ.சி.ங்கற ஆரம்பகால சிகிச்சை மையம், பெரும்பாலும் பெரிய அரசு ஆஸ்பத்திரி வளாகத்துலயே இருக்கும், பேச்சுப் பயிற்சி, பிசியோதெரபி, காது டெஸ்ட் எல்லாம் ஃப்ரீ. உங்க வில்லேஜ் ஹெல்த் நர்ஸைக் கேட்டா எங்கன்னு சொல்லிடுவாங்க. ரொம்பவே காது கேக்காத குழந்தைக்கு காக்ளியர் இம்பிளான்ட், அதாவது உள்காதுல கருவி வெக்கற ஆபரேஷன், முதலமைச்சர் காப்பீட்டுலயே பண்றாங்க, ஆனா 6 வயசுக்குள்ளன்னு இருக்கு, அதுவும் எவ்வளவு சின்ன வயசுல பண்றோமோ அவ்வளவுக்குப் பேச்சு தெளிவா வரும்.

இன்னொண்ணு, "என்னன்னு கண்டுபிடிச்சு பேர் வெச்சாத்தான் தெரபி"ன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. பேர் மெதுவா வரட்டும். பயிற்சி இந்த வாரமே ஆரம்பிக்கலாம், ஒருவேளை ஒண்ணுமே இல்லன்னு ஆச்சுன்னா கூட நஷ்டம் என்ன, நாலு பாட்டு, நாலு விளையாட்டு கூடக் கத்துக்கிட்டிருப்பான்.

ஃபோன், டிவி? ரெண்டு வயசு வரைக்கும் ஸ்க்ரீனே வேண்டாம், வெளியூர்ல இருக்கற தாத்தாகிட்ட வீடியோ கால் மட்டும் ஓகேன்னுதான் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்லுது. நிறுத்துங்க. ஆனா "ஒரு மாசம் ஃபோனை நிறுத்திப் பார்த்துட்டு அப்புறம் டெஸ்ட்டுக்குப் போறோம்"னு பேரம் பேசாதீங்க, ரெண்டும் ஒண்ணா நடக்கட்டும்.

பாப்பாவுக்கு 10 மாசம். நல்லா உக்கார்றா, ஆனா தவழவே இல்ல, உக்காந்தபடியே தேய்ச்சுத் தேய்ச்சு ஹால்ல இருந்து கிச்சன் வரைக்கும் வந்துடறா. எதிர் ஃப்ளாட் குழந்தை இவளை விட 12 நாள் சின்னது, அது சோஃபாவைப் பிடிச்சு நடக்குது. வாக்கர் வாங்கலாமா?
– கோவை

வாக்கர் வேண்டாம். கனடாவுல 2004லயே விக்கவே கூடாதுன்னு தடை போட்டுட்டாங்க, படிக்கட்டுல உருண்டு மண்டை உடைஞ்ச கேஸ் அவ்வளவு. நடை சீக்கிரம் வர்றதும் இல்ல, தள்ளித்தான் போகும், குழந்தை கால் நுனியில உந்தி உந்திப் பழகிடும்.

தவழாத கவலை வேண்டாம்ங்க. உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, ஓமன், நார்வே, அமெரிக்கான்னு அஞ்சு நாட்டுக் குழந்தைகளை மாசா மாசம் பார்த்து 2006ல ஒரு கணக்கு வெளியிட்டாங்க, நம்ம டெல்லிக் குழந்தைகளும் அதுல இருக்கு. அதுல நூத்துல நாலு குழந்தைக்கு மேல, கணக்கா சொன்னா 4.3 சதவீதம், கையும் முட்டியும் ஊன்றித் தவழாமலே நேரா எழுந்து நடந்துருச்சு. பிடிமானம் இல்லாம உக்கார்றது 9.2 மாசம் வரைக்கும் போகலாம், தனியா நடக்கறது 8.2 மாசத்துல ஆரம்பிச்சு 17.6 மாசம் வரைக்கும். பாருங்க, ஒண்ணு எட்டாவது மாசத்துல நடக்குது, இன்னொண்ணு பதினேழாவது மாசத்துல, ரெண்டும் நார்மல்! எதிர் ஃப்ளாட்டோட 12 நாள் வித்தியாசத்துக்கு இதுல என்ன இடம் இருக்கு சொல்லுங்க. உக்காந்து தேய்க்கற பிள்ளைங்க கொஞ்சம் லேட்டாவே நடப்பாங்க, உங்க அம்மாகிட்டயோ மாமியார்கிட்டயோ கேட்டுப் பாருங்க, நீங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் இப்படித் தேய்ச்சிருப்பீங்க.

ஒண்ணே ஒண்ணு பாருங்க. தூக்கி நிக்க வெச்சா ரெண்டு காலும் தரையில ஊன்றுதா, இல்ல துணி மாதிரி துவளுதா, இல்ல கத்திரிக்கோல் மாதிரி குறுக்கே பின்னிக்குதா? பின்னினாலோ துவண்டாலோ காட்டுங்க. 18 மாசம் ஆகியும் தனியா நடக்கலைன்னா எதுவும் யோசிக்காம காட்டுங்க. மத்தபடி பாயை விரிச்சு இறக்கி விடுங்க, தூக்கிட்டே திரியாதீங்க.

எங்களுக்கு ரெட்டைக் குழந்தைங்க, 32 வாரத்துலயே பிறந்துட்டாங்க. இப்ப 8 மாசம், ரெண்டும் இன்னும் சரியா உக்காரல.
– வேலூர்

நிறைமாசம் 40 வாரம். 32ல பிறந்ததால 8 வாரம் கழிச்சுக்கங்க, அதாவது கிட்டத்தட்ட ரெண்டு மாசம். அப்ப உங்க பிள்ளைங்களுக்கு வளர்ச்சிக் கணக்குக்கு 6 மாசம்தான், 6 மாசத்துல கையை முன்னாடி ஊன்றிட்டு சாய்ஞ்சு உக்காந்தாலே போதும். ரெண்டு வயசு வரைக்கும் இப்படிக் கழிச்சே பாருங்க. தடுப்பூசிக்கு மட்டும் கழிக்கக் கூடாது, அது பிறந்த தேதிப்படிதான், இதுல நிறைய பேர் குழம்பறாங்க. குறைமாசக் குழந்தைங்கறதால கண்ணு, காது செக்கப், வளர்ச்சி செக்கப்புக்குக் குடுத்த தேதியை விட்டுராதீங்க.

என் பேரனுக்கு 8 மாதம். எதை நீட்டினாலும் இடது கையால் மட்டுமே வாங்குகிறான். வலது கையை அசைப்பதே இல்லை. இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் அறிவாளிகள் என்று சொல்கிறார்களே, மாற்ற வேண்டுமா, விட்டுவிடலாமா?
– ஒரு தாத்தா, கும்பகோணம் (போஸ்ட்கார்டு)

அய்யா, வணக்கம். உங்க சந்தோஷத்துல குறுக்க நிக்கறேன், மன்னிக்கணும். ஒரு வயசுக்குள்ள எந்தக் குழந்தைக்கும் வலது இடதுன்னு பழக்கம் வரக்கூடாது, ரெண்டு கையையும் சமமாத்தான் யூஸ் பண்ணணும், கைப்பழக்கம் தெரிய ஆரம்பிக்கறதே ஒன்றரை வயசுக்கு மேலதான். 8 மாசத்துல ஒரு கை மட்டும்னா, அந்தக் கை கெட்டிங்கறதை விட இன்னொரு கை வீக்கா இருக்கலாம்ங்கறதுதான் எங்க முதல் சந்தேகம்.

இன்னைக்கே ஒண்ணு செய்ங்க. பேரனை மடியில உக்கார வெச்சு இடது கையை மெதுவா உங்க கைக்குள்ள பிடிச்சுக்கங்க, அவனுக்குப் பிடிச்ச ஏதாவது ஒண்ணை, கரண்டியோ சாவிக்கொத்தோ, வலது பக்கம் நீட்டுங்க. வலது கை விரிஞ்சு வருதா? இல்ல முஷ்டி மூடினபடியே, கட்டை விரல் உள்ள மடங்கினபடியே இருக்கா? உடம்பு முழுக்கத் திருப்பி இடது கையை உருவிக்கிட்டுத்தான் எடுக்கப் பார்க்கறானா? குப்புற விழும்போது எப்பவும் ஒரே பக்கமா உருளறானான்னும் பாருங்க. பார்த்ததை அப்படியே டாக்டர்கிட்ட சொல்லுங்க. கை விரிஞ்சு வந்தாலும் சரி வராட்டியும் சரி, இந்த வாரமே காட்டணும். இந்த வயசுல பிசியோதெரபி ஆரம்பிச்சா கை நல்லா பழகும், "பெரியவனானா சரியாயிடும்"னு விட்டா குழந்தை ஒத்தைக் கையாலயே காலத்தை ஓட்டக் கத்துக்கும்.

பெங்களூர்ல இருக்கோம். வீட்ல தமிழ், பார்த்துக்கற ஆயா கன்னடம், ப்ளே ஸ்கூல்ல இங்கிலீஷ். பையனுக்கு ரெண்டே கால் வயசு, பேச்சு கம்மி. வீட்லயும் இங்கிலீஷ் மட்டும் பேசுங்க, குழம்பறான்னு ஸ்கூல்ல சொல்றாங்க.

குழம்ப மாட்டான். ரெண்டு மூணு மொழி கேட்டு வளர்றதால பேச்சுத் தாமதம் வராது, உலகத்துல பாதிப் பிள்ளைங்க இப்படித்தான் வளருது. வார்த்தையை எண்ணறதுலதான் தப்பு பண்றோம். "தண்ணி", "நீரு", "வாட்டர்" மூணும் சொன்னா மூணு வார்த்தை, தமிழ்ல எத்தனைன்னு மட்டும் எண்ணாம எல்லா மொழியிலயும் சேர்த்து எண்ணுங்க. "பால் பேக்கு" (பால் வேணும்)ன்னு பாதி தமிழ் பாதி கன்னடமா சொன்னாலும் ரெண்டு வார்த்தை கோர்த்துட்டான்னு அர்த்தம். எல்லாம் சேர்த்தும் 50 வார்த்தை தேறல, கோர்க்கவும் இல்லன்னா அப்ப காரணம் மொழி இல்ல, காது டெஸ்ட்ல இருந்து ஆரம்பிங்க, மேல திருப்பூர் தங்கச்சிக்கு எழுதினதுதான் உங்களுக்கும்.

வீட்ல தமிழை நிறுத்தாதீங்க. உங்களுக்குக் கொஞ்சவும் திட்டவும் கதை அடிக்கவும் எந்த மொழி வருமோ அதுலதான் குழந்தைகிட்ட நிறைய பேசுவீங்க, இங்கிலீஷ்ல "கம் பேபி, ஈட் பேபி, நோ பேபி" இதைத் தாண்டி எத்தனை வீட்ல போகுது?

மகளுக்கு 20 மாசம். 15 மாசத்துல பத்து வார்த்தை பேசினா, இப்ப ஒண்ணு கூட இல்ல. தடுப்பூசி போட்டதுக்கு அப்புறம்தான்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. அடுத்த ஊசி போடலாமா?
– மதுரை

லேட்டா வர்றதை விட, வந்தது போறது பெரிய விஷயம். எந்த வயசா இருந்தாலும் சரி, பேசினது நின்னாலோ, சிரிச்சு விளையாடினது நின்னாலோ, நடந்தது நின்னாலோ ஒரு வாரம் கூட வெயிட் பண்ணாதீங்க. போகும்போது அவ பேசின பழைய வீடியோ ஃபோன்ல இருக்கும், அதையும் இப்ப எடுத்ததையும் ரெண்டையும் காட்டுங்க, நீங்க அரை மணி நேரம் சொல்றதை விட அது தெளிவா சொல்லும். திடீர்னு வெறிச்சுப் பார்த்து உறைஞ்சு நிக்கறாளா, தூக்கத்துல வெட்டி வெட்டி இழுக்குதா, கையைப் பிசைஞ்சுக்கிட்டே இருக்காளா, முன்னாடி கையால எடுத்து சாப்பிட்டதை இப்ப செய்யலையா, இதெல்லாம் டாக்டர் கேப்பார், யோசிச்சு வைங்க.

ஊசிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. 1998ல இங்கிலாந்துல ஒரு டாக்டர் 12 குழந்தைகளை வெச்சு தட்டம்மை ஊசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்டு எழுதினார், அதுல மோசடி நடந்திருக்குன்னு வெளிய வந்து 2010ல அந்தக் கட்டுரையையே பத்திரிகை வாபஸ் வாங்கிருச்சு, அவரோட டாக்டர் லைசென்ஸும் போச்சு. அப்புறம் டென்மார்க்ல ஆறரை லட்சம் குழந்தைகளுக்கு மேல வருஷக்கணக்கா கவனிச்சு 2019ல வெளியிட்டாங்க, ஊசி போட்டதால ஆட்டிசம் கூடல. ஆனாலும் ஏன் எல்லா வீட்லயும் இந்தச் சந்தேகம் வருதுன்னா, ஒன்றரை வயசுலதான் பூஸ்டர் ஊசி, அதே ஒன்றரை வயசுலதான் பேச்சு நிக்கறதும் கண்ணுல படுது, ரெண்டும் ஒரே காலண்டர்ல விழுது. ஊசியை போடுங்க.

நாக்கு தடிச்சிருக்கு, வசம்பு தேய்ச்சா பேச்சு வரும்ங்கறாங்க, நாக்குக்குக் கீழ கட் பண்ணணும்னும் சொல்றாங்க.
– 7 பேர்

வசம்பு வேண்டாம், வேற எதுவும் தேய்க்க வேண்டாம். நாக்கு ஒட்டியிருந்தா பால் குடிக்கறதுல சிரமம் இருக்கலாம், சிலருக்கு ல, ர, ழ தெளிவில்லாம வரலாம். வார்த்தையே வராம இருக்கறதுக்கு நாக்கு காரணம் இல்ல. வார்த்தை மூளையில இருந்து வருது, நாக்கு டெலிவரி பாய் மட்டும்தான்.

பொண்ணுக்கு மூணரை வயசு. நல்லா பேசிட்டிருந்தவ ரெண்டு மாசமா "நா.. நா.. நான் போறேன்"னு திக்கறா. நாங்க "மெதுவா சொல்லு, மூச்சு விட்டு சொல்லு"ன்னு திருத்தறோம்.
– தூத்துக்குடி

திருத்தறதை நிறுத்துங்க, அதுதான் மருந்து. ரெண்டுல இருந்து அஞ்சு வயசுக்குள்ள சொல்ல நினைக்கறது வேகமா ஓடும், வாய் பின்னாடி ஓடி வரும், அதுல திக்கறது நிறைய குழந்தைக்கு வந்துட்டுப் போகும். அவ முடிக்கற வரைக்கும் மூஞ்சியப் பார்த்துட்டு இருங்க, வார்த்தையை நீங்க முடிச்சு வைக்காதீங்க, விருந்தாளி முன்னாடி பாட்டு பாடச் சொல்லாதீங்க. ஆறு மாசத்தைத் தாண்டினாலோ, திக்கும்போது கண்ணை இறுக்கறது, கழுத்து நரம்பு புடைக்கறது, பேசறதையே தவிர்க்கறதுன்னு வந்தாலோ ஸ்பீச் தெரபிஸ்ட்டைப் பாருங்க. குடும்பத்துல யாருக்காவது திக்குவாய் இருந்தா ஆறு மாசம் கூட வேண்டாம், இப்பவே.

ஓய்வு பெற்ற தமிழாசிரியர் நான். தலைவனைக் குழந்தையாகப் பாவித்துப் பாடும் பிள்ளைத்தமிழில் பருவங்கள் பத்து உண்டு. உங்கள் மருத்துவத்திலும் பருவம் பருவமாகத்தான் சொல்கிறீர்கள். அந்தக் கணக்கு இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறதா? பொழுதுபோக்காகத்தான் கேட்கிறேன்.
– திருநெல்வேலி

அய்யா, இந்த மாசம் வந்ததுலயே எனக்குப் பிடிச்ச கேள்வி இது, எனக்கும் பொழுது போகணுமே. காப்பு மூணாவது மாசம், செங்கீரை அஞ்சு, தால் ஏழு, சப்பாணி ஒன்பது, முத்தம் பதினொண்ணு, வருகை பதிமூணு, அம்புலி பதினஞ்சுன்னு ஒத்தைப்படை மாசமா பாட்டியல் இலக்கண நூல்கள்ல சொல்வாங்கன்னு ஸ்கூல்ல படிச்சது ஞாபகம் இருக்கு, தப்பா இருந்தா அடுத்த போஸ்ட்கார்டுல திருத்துங்க.

திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ்ல இருக்கற குழந்தை வளர்ச்சி மையம் ரெண்டு வயசு வரைக்கும் பார்க்கறதுக்கு ஒரு பக்கச் சார்ட் ஒண்ணு போட்டாங்க, மொத்தமே 17 ஐட்டம். குழந்தையோட மாசத்துக்கு நேரா ஒரு பென்சிலை நெட்டுக்கு வெப்போம், பென்சிலுக்கு இடது பக்கம் முடிஞ்சு போன ஐட்டம் எல்லாம் குழந்தை செய்யணும், ஒண்ணு செய்யலைன்னாலும் மேல பார்க்கணும். நானும் சும்மா உங்க பருவத்தை அதுக்குப் பக்கத்துல எழுதிப் பார்த்தேன். அந்தச் சார்ட்லயும் கை ரெண்டையும் சேர்த்துத் தட்டறது ஒரு ஐட்டம், ஒரு வயசுக்கு முன்னாடியே வர்றது, அதாவது உங்க சப்பாணி. பதிமூணாவது மாசம் "வா வா"ன்னு கூப்பிடற வருகை, சார்ட்ல தனியா நடக்கறது அதை ஒட்டியே வருது. செங்கீரை மட்டும் கொஞ்சம் அவசரப்படறாங்க, அஞ்சு மாசத்துல ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, ரெண்டு கையும் ஊன்றி ஆடச் சொன்னா நிறைய குழந்தைக்கு முடியாது, பாட்டுடைத் தலைவன் முருகனா இருந்தா முடியுமோ என்னவோ.

அம்புலிதான் என்னை நிறுத்திருச்சு. மேல இவ்வளவு நேரம் விரல் விரல்னு எழுதினேன் இல்ல, பதினஞ்சாவது மாசத்துல நிலாவைக் காட்டி, குழந்தையும் விரல் நீட்டி, "இவளோட விளையாட வா"ன்னு அம்மா நிலாவைக் கூப்பிடற பருவம். நிலாவைக் கையில வாங்க முடியாது, திங்க முடியாது, குழந்தை காட்டறது நாம பார்க்கறதுக்காக மட்டும்தான். இப்ப என்கிட்ட வர்ற அம்மாங்ககிட்ட எம்-சாட் தாளை நீட்டறதுக்கு முன்னாடி "நிலா எங்கன்னு கேட்டா காட்டறாளா, காட்டிட்டு உங்களைத் திரும்பிப் பார்க்கறாளா?"ன்னுதான் கேக்கறேன். ஒருத்தங்க போன வாரம் சொன்னாங்க, "எங்க வீடு கிரவுண்ட் ஃப்ளோர் டாக்டர், சுத்தி அபார்ட்மென்ட், நிலாவே தெரியாது"ன்னு. மொட்டை மாடி சாவியை அசோசியேஷன்ல கேட்டு வாங்கச் சொல்லியிருக்கேன்.